பூச்சி அரித்த ஆப்பிளை ஏன் வரைந்தார்கள்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அமெரிக்க வேளாண் துறை நூறு வருடத்துக்கு முன்னால் வரையவைத்த பழ ஓவியங்கள் நான்கை அச்சிட்டிருந்தோம். இரண்டு ஆப்பிள், ஒரு பிளம், ஒரு பேரிக்காய். வழக்கமாகத் தோட்டம், உரம், பூச்சி என்று கேட்டு எழுதுகிறவர்கள்கூட இந்த முறை அந்தப் படங்களைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்தத் தடவை பகுதி முழுவதும் அதற்கே.

அந்த ஆப்பிள்களில் ஒன்றில் பூச்சி துளைத்த ஓட்டை இருக்கிறது, இன்னொன்றின் பக்கவாட்டில் அழுகல். அழகான பழமாகப் பார்த்து எடுத்து வரைந்திருக்கக் கூடாதா?
– ஒரு வாசகி, தென்காசி

வரைந்திருந்தால் அந்தப் படங்களுக்குப் பாதி மதிப்புகூட இருந்திருக்காது என்பேன். சுவரில் மாட்ட வரைந்தவை இல்லை அவை, அரசாங்கக் கோப்பில் சேர வேண்டிய ஆவணங்கள்.

1886-இல் அமெரிக்க வேளாண் துறை பழங்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. பழத்தோட்டத் தொழில் அங்கே வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த நேரம், கூடவே பெயர்க் குழப்பமும் பெருகியது. ஒரே ஆப்பிள் ஒரு மாநிலத்தில் ஒரு பெயரிலும் பக்கத்து மாநிலத்தில் வேறு பெயரிலும் விற்கும். நாற்றுப் பண்ணைக்காரர் பழைய ரகத்துக்குப் புதுப்பெயர் சூட்டிக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுவார், வாங்கி நட்டவருக்கோ அது காய்க்கிற வரைக்கும், அதாவது சில வருடங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகுதான், ஏமாந்த விஷயமே தெரியும். புதிய ரகத்தைக் கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமை தரும் சட்டம் 1930-இல்தான் வந்தது. அதுவரை 'இதுதான் என் பழம்' என்று காட்ட ஒரு பொதுவான பதிவு தேவைப்பட்டது.

ஆகவே தோட்டக்காரர்கள் பழத்தைப் பெட்டியில் வைத்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த ஓவியர்கள், வந்த பழத்தை வந்த நிலையிலேயே, அதன் உண்மையான அளவிலேயே நீர்வண்ணத்தில் வரைந்தார்கள். முழுப் பழம் ஒன்று, பக்கத்திலேயே நெடுக்காக வெட்டிய பாதி ஒன்று. கூடவே ரகத்தின் பெயர், அனுப்பியவர், ஊர், தேதி, ஒரு எண். பூச்சி ஓட்டையும் அழுகலும் தகவல்தான்: எந்த நோய் பழத்தில் எப்படித் தெரியும், குளிர்கிடங்கில் பல மாதம் வைத்த ஆப்பிள் எங்கிருந்து கெட ஆரம்பிக்கிறது, இதெல்லாம் தோட்டக்காரருக்குத் தெரிய வேண்டாமா? சில படங்கள் அந்தச் சேதத்தைக் காட்டுவதற்காகவே வரையப்பட்டவை.

மொத்தம் எத்தனை படங்கள்? எல்லாமே ஆப்பிளா?
– ஒரு மாணவர், கும்பகோணம்

7,584 படங்கள், அதில் 3,807 ஆப்பிள். 1886 முதல் 1942 வரை வரைந்தவை. மேரிலாந்து மாநிலத்தில் பெல்ட்ஸ்வில் என்ற ஊரில் உள்ள தேசிய வேளாண் நூலகத்தில் இருக்கின்றன.

ஒரே பழத்துக்கு இத்தனை படமா என்று அடுத்து கேட்பீர்கள், அதற்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் விதையைப் போட்டால் தாய்மரத்தின் பழம் வராது. ஒரே பழத்துக்குள் இருக்கும் ஐந்து விதையை நட்டால் ஐந்து விதமான மரம் வரும், பெரும்பாலும் புளிப்பும் துவர்ப்புமாக. எப்போதாவது ஒன்று நன்றாக அமைந்துவிட்டால் அதிலிருந்து கிளை எடுத்து ஒட்டுக்கட்டித்தான் பெருக்க முடியும். அமெரிக்காவில் குடியேறியவர்கள் ஊர் ஊராக விதை போட்டு வளர்த்தார்கள், அதனால் ஊருக்கு ஊர் புதுப்புது ரகம். 1804 முதல் 1904 வரை அந்த நாட்டில் அச்சான நூல்களில் வந்த ஆப்பிள் பெயர்களை வேளாண் துறை 1905-இல் தொகுத்தபோது ஏறத்தாழ 17,000 பெயர்கள் சேர்ந்தன. அதில் கணிசமானவை ஒரே ரகத்தின் மாற்றுப் பெயர்கள், நான் மேலே சொன்ன குழப்பத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒட்டுக்கட்டுவதை யாராவது நிறுத்தி, கடைசி மரமும் விழுந்துவிட்டால் அந்த ரகம் போனதுதான். விதை இருக்கிறதே என்று ஆறுதல் அடைய வழியில்லை.

அப்போது கேமரா இருந்ததே, ஏன் கையால் வரைந்தார்கள்?
– ஒரு வாசகர், ஈரோடு

கேமரா இருந்தது, கலர் இல்லை. ஆப்பிளில் பாதி அடையாளமே நிறம்தான்: மஞ்சள் தோலில் சிவப்புக் கோடா, சிவப்புப் படலமா, வெட்டினால் சதை வெள்ளையா, இளம்பச்சையா. கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இதில் ஒன்றையும் சொல்லாது. கண்ணாடித் தகட்டில் எடுக்கும் ஆட்டோக்ரோம் கலர் முறை 1907-இல் கடைக்கு வந்தது, ஆனால் அதில் படம் பொடிப்பொடியாகப் புள்ளி தட்டும். கோடாக்ரோம் பிலிம் வந்தது 1935-இல். பழ ஓவியங்கள் அதற்குச் சில வருடம் கழித்து நின்றுபோனது ஆச்சரியமில்லை.

ஆனால் நிறம் மட்டும் காரணம் இல்லை. புகைப்படத்தில் வெளிச்சம் பட்ட இடம் பளிச்சென்றும் மற்ற இடம் நிழலாகவும் போய்விடும், காம்புக் குழிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஓவியர் அந்தக் குழியைக் கூர்ந்து பார்த்து, உள்ளே ஓடும் பழுப்புச் சொரசொரப்பையும் காட்டிவிடுவார். எனக்கு அந்தப் படங்களில் பிடித்த இடமே அந்தக் காம்புக் குழிகள்தான்.

வரைந்தவர்கள் யார்? ஒருவர் பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லையே.
– ஓவிய ஆசிரியை, காரைக்குடி

உங்கள் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். முதலில் வேலைக்கு வந்தவர் வில்லியம் ஹென்றி பிரெஸ்டெல், 1887-இல். ஆனால் அந்தத் தொகுப்பைத் தூக்கி நிறுத்தியவர்களில் பெரும்பகுதி பெண்கள். டெபோரா கிரிஸ்கம் பாஸ்மோர் மட்டும் 1,500-க்கும் மேல் வரைந்திருக்கிறார். 1840-இல் பென்சில்வேனியாவில் பிறந்து, பிலடெல்பியாவில் பெண்களுக்கான வடிவமைப்புப் பள்ளியில் படித்து, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு 1892-இல் வேளாண் துறைக்கு வந்தவர், 1911-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். அமாண்டா நியூட்டன் 1,200-க்கும் மேல், மேரி டெய்சி அர்னால்ட் ஆயிரத்துக்கும் மேல், எல்லன் ஷட் எழுநூறுக்கும் மேல். ஆண்களில் ராயல் சார்லஸ் ஸ்டெட்மன் தொள்ளாயிரத்தைத் தாண்டியவர்.

இதில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வெட்டிய ஆப்பிள் சில நிமிடத்தில் பழுத்த இலை நிறத்துக்கு மாற ஆரம்பித்துவிடும். நீர்வண்ணமோ ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. சதையின் நிறத்தை முதலிலேயே கண்ணால் பிடித்து வைத்துக்கொண்டு அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும், தவறினால் அழிக்க முடியாது. அதை வருடக்கணக்கில், ஒவ்வொரு அறுவடைக் காலத்திலும், பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் பழங்களை வைத்துக்கொண்டு செய்தார்கள். படத்தின் மூலையில் சின்னதாக ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்த இடம். ஓவிய வரலாறு பேசுகிறவர்கள் இவர்களைப் பேசாமல் விட்டது நியாயமே இல்லை.

இன்றைக்கு டி.என்.ஏ. பரிசோதனை இருக்கும்போது இந்தப் பழைய படங்களால் என்ன பயன்? உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறோமோ?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

நியாயமான கேள்வி. டி.என்.ஏ. என்ன செய்யும்? உங்கள் மரத்தின் இலையை எடுத்து, ஏற்கெனவே பெயர் தெரிந்த மரங்களின் பதிவோடு ஒப்பிடும். ஒப்பிட அந்தப் பெயர் தெரிந்த மரம் எங்காவது உயிரோடு இருந்திருக்க வேண்டும். தொலைந்துபோன ரகம் என்றால் ஒப்பிட எதுவும் இருக்காது. 'இது நம்மிடம் உள்ள எதோடும் பொருந்தவில்லை' என்ற பதிலோடு பரிசோதனைக்கூடம் நிறுத்திக்கொள்ளும். அதற்கு மேல் அந்த மரத்துக்குப் பெயர் சொல்லப் பழைய படமும் பழைய வர்ணனையும்தான் வழி.

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கிலும் அதை ஒட்டிய ஐடஹோவிலும் கைவிடப்பட்ட பண்ணைகளில் அலைந்து பழைய ஆப்பிள் மரங்களைத் தேடும் குழு ஒன்று உண்டு, 'லாஸ்ட் ஆப்பிள் ப்ராஜெக்ட்' என்று பெயர். தொடங்கியவர் ஓய்வுபெற்ற குற்றப் புலனாய்வாளர். பழைய நாற்றுப் பண்ணை விற்பனைக் கணக்கு, மாவட்டச் சந்தையில் பரிசு வாங்கிய பழங்களின் பட்டியல் இவற்றையெல்லாம் துப்பாக வைத்து எந்தப் பண்ணையில் எந்த மரம் நின்றிருக்கும் என்று கண்டுபிடித்துப் போகிறார்கள். கிடைத்த பழங்களை ஓரிகனில் உள்ள 'டெம்பரேட் ஆர்ச்சர்ட் கன்சர்வன்சி' என்ற அமைப்புக்கு அனுப்ப, அங்கே உள்ளவர்கள் அதை வெட்டி, இந்த நீர்வண்ணப் படங்களையும் பழைய நூல்களில் உள்ள விவரங்களையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு அம்சமாக ஒப்பிடுகிறார்கள். 2020 ஏப்ரலில் மட்டும், அழிந்துவிட்டதாக எல்லோரும் எண்ணியிருந்த 10 ரகங்கள் இப்படிப் பெயரோடு திரும்பக் கிடைத்ததாக அறிவித்தார்கள்.

எதை எதோடு ஒப்பிடுவார்கள் என்றால்: காம்பின் நீளம், காம்புக் குழியின் ஆழம், எதிர்முனையில் பூ உலர்ந்து நிற்கும் குழி அகலமா குறுகலா, தோலில் உள்ள சின்னப் புள்ளிகளின் அளவும் நெருக்கமும், வெட்டினால் விதை அறைகள் திறந்திருக்கின்றனவா மூடியிருக்கின்றனவா. பள்ளிச் சான்றிதழில் எழுதுவோமே அங்க அடையாளம், அதைப் போலத்தான். வெட்டிய பாதியை வரையாமல் விட்டிருந்தால் இதில் பாதி வேலை நடந்திருக்காது. இதை உணர்ச்சிவசப்படுவது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நம்ம ஊர்ப் பழம் ஏதாவது அந்தத் தொகுப்பில் இருக்கிறதா?
– ஒரு வாசகி, சேலம்

சேலத்திலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! மாம்பழங்கள் இருக்கின்றன, அதில் 'முல்கோபா' என்று அங்கே எழுதப்பட்ட ரகமும் உண்டு. 1889-இல் வேளாண் துறை இந்தியாவிலிருந்து ஒட்டு மாங்கன்றுகளை வரவழைத்து புளோரிடாவில் சிலரிடம் வளர்க்கக் கொடுத்தது. 1895 குளிர்காலத்தில் விழுந்த கடும் உறைபனியில் ஏறக்குறைய எல்லாம் செத்து, எல்பிரிட்ஜ் கேல் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியரிடம் இருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. அது 1898-இல் காய்த்தது. அந்தப் பழத்தின் கொட்டையை 1902-இல் நட்டவர் ஜான் ஹேடன் என்ற முன்னாள் ராணுவ கேப்டன். மறு வருடமே அவர் இறந்துவிட, மனைவி பார்த்துக்கொண்ட மரங்களில் ஒன்றுதான் 1910-இல் காய்த்த 'ஹேடன்' மாம்பழம். இன்றைக்கு வெளிநாட்டு சூப்பர்மார்க்கெட்டுகளில் சிவந்து அடுக்கி வைத்திருக்கும் மாம்பழங்களில் பல அந்த ஹேடனின் வாரிசுகள்.

ஒன்று மட்டும் கவனம். பெயர் மல்கோவா மாதிரி இருப்பதால் அந்த புளோரிடா மரமும் உங்கள் ஊர் மல்கோவாவும் ஒன்றேதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கப்பலில் போன கன்றில் கட்டியிருந்த சீட்டை மட்டும் நம்ப முடியாது, பழத்தைப் பழத்தோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு முன்னால் இந்த வேலையை யாரும் செய்யவில்லையா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

செய்தார்கள், நிறைய. பிளாரன்ஸை ஆண்ட மூன்றாம் கொசிமோ மெதிச்சியிடம் பார்த்தொலொமேயோ பிம்பி (1648–1729) என்ற ஓவியர் இருந்தார். ஆளுயரத் துணியில் நூற்றுக்கும் மேற்பட்ட பேரிக்காய் ரகங்களைக் கூடை கூடையாகக் குவித்து வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, அடியில் எண்ணுக்கு எதிரே பெயரையும் எழுதி வைத்தார். பார்த்தால் அரண்மனை ஓவியம், படித்தால் அட்டவணை. பிளாரன்ஸுக்குப் பக்கத்தில் போஜ்ஜோ அ கயானோ என்ற ஊரின் மாளிகை அருங்காட்சியகத்தில் இப்போதும் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் வில்லியம் ஹூக்கர் (1779–1832), லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்காகப் பழங்களை வரைந்தவர். இலைப் பச்சைக்கு அவர் பிரஷ்யன் நீலத்தையும் காம்போஜ் என்ற மஞ்சள் பிசினையும் கலந்தார், 'ஹூக்கர்ஸ் கிரீன்' என்று கடையில் இன்றும் டியூபில் விற்பது அந்தப் பெயர்தான். அந்த மஞ்சள் பிசின் கம்போடியா, தாய்லாந்துப் பக்கம் வளரும் ஒரு மரத்தின் பால், நம் குடம்புளிக்கு நெருங்கிய சொந்தம். வெயில் பட்டால் வெளுக்கும், வாயில் பட்டால் கடுமையான பேதி. இப்போது வேறு நிறமி சேர்த்துச் செய்கிறார்கள், பயப்படாமல் வாங்குங்கள்.

அதே நாட்டில் ஹெர்ஃபோர்ட்ஷயர் என்ற பகுதி, ஆப்பிள் மதுவுக்குப் பேர்போனது. அங்கே தோட்டங்கள் நலிந்து பழைய ரகங்கள் மறைவதைப் பார்த்துக் கவலைப்பட்ட ஊர் இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்று, இலையுதிர் காலத்தில் பழக் கண்காட்சி நடத்தி, வந்தவற்றில் 441 ஆப்பிள், பேரிக்காய் ரகங்களை 77 வண்ணத் தாள்களில் வெளியிட்டது. 1876-இல் தொடங்கி 1885-இல் முடித்தார்கள், 600 பிரதிதான். வரைந்தவர்கள் ஆலிஸ் எல்லிஸ், எடித் புல் என்ற இரண்டு பெண்கள்.

மெழுகில் பழம் செய்து வைத்திருக்கும் அருங்காட்சியகம் உண்டாமே?
– ஒரு வாசகர், விருதுநகர்

உண்டு. இத்தாலியின் டூரின் நகரில். பிரான்செஸ்கோ கார்னியேர் வல்லெத்தி (1808–1889) வெறும் மெழுகில் இல்லாமல், மெழுகோடு பிசினும் கலந்து செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழ மாதிரிகள். மேலே சொன்ன அமாண்டா நியூட்டனும் மெழுகுப் பழங்கள் செய்திருக்கிறார்.

அரசு, சங்கம் எதுவும் இல்லாமல் தனி ஆளாக இதைச் செய்தவர் யாராவது உண்டா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

கோர்பினியான் ஐக்னர். ஜெர்மனியின் பவேரியாவில் கத்தோலிக்கப் பாதிரியார், 1885-இல் பிறந்தவர். அஞ்சலட்டை அளவு அட்டைகளில் ஆப்பிள், பேரிக்காய் என்று ஐம்பது வருடத்துக்கு நெருக்கமாக வரைந்துகொண்டே இருந்தார், தொள்ளாயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் அட்டைக்கு இரண்டு பழம், அலங்காரம் எதுவும் கிடையாது. ஹிட்லரை எதிர்த்துப் பேசியதற்காக 1939-இல் கைதாகி, 1941-இல் டாஹவ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே மூலிகைத் தோட்டத்தில் கட்டாய வேலை. அந்த இடத்திலும் ஆப்பிள் விதை முளைக்க வைத்தார்! அப்படி உருவான நான்கு கன்றுகளுக்கு வதைமுகாமைக் குறிக்கும் எழுத்துகளையே வைத்து கே.இஸட்.1 முதல் 4 வரை என்று பெயரிட்டார். 1945 ஏப்ரலில் கைதிகளை நடத்திக் கூட்டிச் சென்ற மரண ஊர்வலத்திலிருந்து தப்பித்துப் பிழைத்து, ஊருக்குத் திரும்பி மறுபடி வரைந்தார். 1966-இல் இறந்தார். மூன்றாம் எண் கன்றின் ரகம் இன்றும் வளர்கிறது, 1985-இல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2012-இல் காசல் நகரின் டாக்குமென்டா கலைக் கண்காட்சியில் அவருடைய அட்டைகள் வரிசையாக மாட்டப்பட்டன.

தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் செடிகளை வரைந்த ஓவியர்கள் இருந்தார்களா?
– ஒரு பேராசிரியர், திருச்சி

இருந்தார்கள். சென்னை மாகாணத்தில் கம்பெனி மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட்டுக்காக முதலில் ரங்கையாவும் பின்னால் கோவிந்துவும் வரைந்தார்கள். சென்னையில் 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய தொகுதிகளில் 2,000-க்கும் மேற்பட்ட கல்லச்சுப் படங்கள். வைட் ஒரு ஆர்கிட் வகைக்கு கோவிந்துவின் பெயரையே வைத்தார், அந்தக் காலத்தில் ஓவியருக்கு அந்த மரியாதை அபூர்வம். ஆனால் அவை செடியின் இனத்தை அடையாளம் காட்டும் படங்கள். பூவைப் பிரித்து மகரந்தம், சூலகம் என்று காட்டுவார்கள். அந்தக் கணக்கில் நீலமும் செந்தூரமும் ஒரே மாமரம்தான். ரகத்தைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் பழத்தை வரைய வேண்டும், அது வேறு வேலை.

இந்தப் படங்களைப் பெரிய அளவில் எங்கே பார்க்கலாம்? பணம் கட்ட வேண்டுமா?
– பலர்

வேண்டாம். தேசிய வேளாண் நூலகத்தின் இணையதளத்திலும் விக்கிமீடியா காமன்ஸிலும் முழு அளவில் இலவசம், அச்சிட்டும் கொள்ளலாம். முன்பு அப்படி இல்லை. படங்களை ஸ்கேன் செய்ய மூன்று லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவழித்துவிட்டு, பெரிய அளவுப் படத்துக்குக் கட்டணம் வைத்திருந்தார்கள். பார்க்கர் ஹிக்கின்ஸ் என்ற டிஜிட்டல் உரிமை ஆர்வலர் தகவல் அறியும் சட்டத்தில் கேட்டபோது, அதுவரை வந்த வருமானம் அறுநூறு டாலரைக்கூடத் தொடவில்லை என்று தெரிந்தது. 2015-இல் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள். மக்கள் வரிப்பணத்தில் வரைந்தது மக்களுக்கே திரும்பியது, இதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

எங்கள் தோப்பில் தாத்தா காலத்து நாட்டு மாமரம் ஒன்று இருக்கிறது. இன்ன ரகம் என்று யாருக்கும் தெரியவில்லை, நாங்களாக வைத்த பெயர்தான். எனக்கு ஓரளவு வரைய வரும். எப்படி வரைந்து வைப்பது?
– ஒரு வாசகர், நத்தம்

தயவுசெய்து வரையுங்கள், இந்தப் பருவத்திலேயே. மரத்தின் வெவ்வேறு பக்கத்திலிருந்து நாலைந்து பழம் பறித்து, சராசரியாக உள்ளதை எடுங்கள், பெரிதாக இருப்பதை அல்ல. பருத்தித் தாளில், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், உண்மையான அளவிலேயே வரையுங்கள். அளவுகோலால் நீளம், அகலம், கனம் மூன்றும் அளந்து எழுதிவிடுங்கள். நேர்ப்பார்வை ஒன்று, பக்கவாட்டுப் பார்வை ஒன்று. மாம்பழத்தில் காம்பைச் சுற்றிய தோள் எப்படி இறங்குகிறது, அடியில் மூக்கு நீட்டியிருக்கிறதா, மூக்குக்கு மேல் பள்ளம் விழுகிறதா என்பதெல்லாம் பக்கவாட்டில்தான் தெரியும். அப்புறம் ஒரு கன்னத்தைச் சீவிச் சதை நிறத்தைப் போடுங்கள், கொட்டையைக் கழுவிக் காயவைத்து நாரோடு தனியாக வரையுங்கள். காயாக இருக்கும்போது ஒன்று, ஒரு முற்றிய இலை, ஒரு தளிர், முடிந்தால் பூங்கொத்து. கரும்புள்ளி, பால் வடிந்த கறை இருந்தால் இருக்கிறபடியே வரையுங்கள், அழகுபடுத்த வேண்டாம்.

சுவையையும் மணத்தையும் படம் சொல்லாது, அதை எழுத வேண்டும். நார் அதிகமா, தோலோடு சாப்பிடலாமா, ஊறுகாய்க்கா பழத்துக்கா, எந்த மாதம் முதல் பழம் விழும், வருடா வருடம் காய்க்குமா விட்டு விட்டா. தாளின் பின்பக்கம் பென்சிலால் உங்கள் ஊர்ப்பெயர், மரம் நிற்கும் இடம், தேதி, வீட்டில் வழங்கும் பெயர் எல்லாம் எழுதுங்கள். பேனா மை தாளில் ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

படம் மரத்தைக் காப்பாற்றாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் ஒட்டுக்கட்டத் தெரிந்த நாற்றுப் பண்ணைக்காரர் இருப்பார், அவரைக் கூட்டிவந்து அந்தத் தாய்மரத்திலிருந்து குறைந்தது நாலு ஒட்டுக்கன்று கட்டச் சொல்லி, இரண்டை உங்கள் தோப்பிலும் இரண்டை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் நிலத்திலும் வையுங்கள். படத்தின் ஒரு ஸ்கேன் பிரதி எங்களுக்கும் அனுப்புங்கள், அச்சிடுகிறோம்.